உழக்கும் மணலும் சொப்புச் சாமானும்: அங்கன்வாடிப் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

திருநெல்வேலிச் சீமையில் அங்கன்வாடி என்ற பெயர் பதிவேடுகளில்தான் அதிகம் வழங்குகிறது. ஊருக்குள் அது இன்றும் பால்வாடிதான். அங்கே இருப்பவர் டீச்சர், உடன் இருப்பவர் ஆயாம்மா. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் புதிதாகப் பணிக்குச் சேரும் ஒருவர், எடை பார்ப்பது, சத்துமாவு வழங்குவது, தடுப்பூசி நாளை நினைவூட்டுவது, பதிவேடு எழுதுவது ஆகியவற்றைச் சில வாரங்களில் பழகிக்கொள்கிறார். ஆனால் ‘முன்பருவக் கல்வி’ என்று ஏட்டில் ஒரே சொல்லாக நிற்கும் அந்தக் காலை நேரத்தில், இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பதினைந்து இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில் திகைத்துப்போகிறார். நானும் அப்படித் திகைத்தவள்தான். இந்தக் கட்டுரை அந்த நேரத்தைப் பற்றியது மட்டுமே.

விளையாட்டு என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எல்லாப் பிள்ளைகளையும் வட்டமாக உட்காரவைத்து, நாம் சொல்வதைக் கைதட்டித் திரும்பச் சொல்லச் செய்வது நல்ல பழக்கம்தான். தினமும் கொஞ்சம் செய்யலாம். ஆனால் அது நம்முடைய ஏற்பாடு. பிள்ளை தானே தேர்ந்தெடுத்து, தானே விதியை வைத்து, வேண்டாமென்றால் பாதியில் மாற்றியும் கொள்ளக்கூடியதே விளையாட்டு. தேங்காய்ச் சிரட்டை ஒரு நிமிடம் இட்லிச் சட்டியாகவும் அடுத்த நிமிடம் தொப்பியாகவும் ஆவது அப்படித்தான். ஒரு பொருளை இன்னொன்றாக நினைத்துக்கொள்ளும் இந்தத் திறனே, பின்னாளில் ஒரு கோட்டு வடிவத்தை ‘அ’ என்ற ஒலியாக நினைத்துக்கொள்வதற்கும் அடிப்படை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், அதைத் தொடர்ந்து 2022இல் மூன்று முதல் எட்டு வயது வரையிலான பருவத்துக்கென வெளிவந்த தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் விளையாட்டைக் கற்பித்தலின் நடுவில் வைத்துப் பேசுகின்றன. “சும்மா விளையாடத்தானே விடுகிறீர்கள்?” என்று யாரேனும் கேட்டால், இதுவே உங்களுக்கு விதிக்கப்பட்ட வேலை என்று தயங்காமல் சொல்லலாம்.

முதல் வாரம்: பார்ப்பது

சேர்ந்த முதல் வாரத்தில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் விளையாடும் இடத்திலிருந்து சற்று ஒதுங்கித் தரையில் உட்காருங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் பிள்ளைகளின் கைகள் தெரியாது, தலைகள்தான் தெரியும். ஒரு நாளைக்கு மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் விடாமல் பார்த்து, கண்ணில் பட்டதை அப்படியே எழுதுங்கள். ‘நல்லா விளையாடுகிறான்’ என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து அதில் எதுவும் இருக்காது. ‘மூன்று சிரட்டைகளைக் கவிழ்த்து அடுக்கினான், நான்காவது சரிந்தது, பெரியதைக் கீழே மாற்றி வைத்தான்’ என்று எழுதினால், அந்தப் பிள்ளைக்கு அடுத்து எதைக் கையில் கொடுக்கலாம் என்பது அந்த வரியிலேயே இருக்கும்.

இப்படிப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு தெரியவரும். சில பிள்ளைகள் தனியே விளையாடுவார்கள். சிலர் அடுத்த பிள்ளையின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அதே மணலில் அதே வேலையைச் செய்வார்கள். ஆனால் ஒருவரோடொருவர் சேரமாட்டார்கள். சிலர் வேடிக்கை மட்டும் பார்ப்பார்கள். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932இல் இந்த வகைகளைப் பிரித்து எழுதினார். இன்றும் அது பயன்படுகிறது. இரண்டரை வயதுப் பிள்ளை பக்கத்தில் இருப்பவனோடு பொருளைப் பகிராமல் விளையாடுவது சுயநலம் அன்று, அந்த வயதின் இயல்பு. “ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடுங்க” என்று அதட்டிப் பயனில்லை; ஒரே மாதிரியான இரண்டு பாத்திரங்களை வைத்துவிட்டால் சண்டை பெரும்பாலும் தீர்ந்துவிடும். வேடிக்கை பார்க்கும் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து நடுவில் விடவும் வேண்டாம். என்னிடம் வந்த ஒரு பெண்பிள்ளை கிட்டத்தட்ட இரண்டு மாதம் தூணைப் பிடித்துக்கொண்டே நின்றாள். மூன்றாம் மாதத்தில் ஒருநாள் வீட்டு மூலையில் போய் உட்கார்ந்து, மற்றவர்கள் அதுவரை நடித்த சமையல் முழுவதையும் வரிசை தவறாமல் செய்துகாட்டினாள். நின்ற நாளெல்லாம் அவள் கற்றுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத பிள்ளை, மூன்று வயதாகியும் சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளை, ஒரு பக்கத்துக் கையை மட்டுமே எப்போதும் பயன்படுத்தும் பிள்ளை ஆகியோரும் இந்த நோட்டில் தென்படுவார்கள். இவற்றைத் தாயிடம் அமைதியாகச் சொல்லி, கிராம சுகாதாரச் செவிலியருக்கும், மையத்துக்குப் பரிசோதனைக்கு வரும் மருத்துவக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். “போகப்போகச் சரியாகிவிடும்” என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது.

இடத்தைப் பிரிப்பது

பெரும்பாலான மையங்களில் ஒரே அறைதான் இருக்கும். அந்த ஒரு அறையையே கோரைப்பாய்களை விரித்து மூன்று மூலைகளாகப் பிரிக்கலாம்: வீடு–சமையல் நடிப்புக்கு ஒன்று, கட்டைகளுக்கு ஒன்று, படமும் கதையுமாக ஒன்று. மணலும் தண்ணீரும் வெளியே, வேப்பமரத்து நிழலிலோ சாய்ப்பிலோ இருக்கட்டும். கட்டை மூலை கதவுக்கு எதிரே அமைந்தால் வருவோர் போவோர் கால்பட்டு, பிள்ளை அரைமணி நேரம் கட்டியது சரிந்துவிடும். ஆகவே அதை உள்மூலையில் வையுங்கள். பொருள்களைப் பிள்ளையின் இடுப்பு உயரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. எடுத்துத் தரச் சொல்லி நம்மிடம் வந்து நிற்கும் நிலை ஏற்பட்டால், எதை விளையாடுவது என்று தேர்ந்தெடுப்பவர் நாமாகிவிடுகிறோம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியே எடுக்க வேண்டாம். பாதியைப் பெட்டியில் வைத்துவிட்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால், பழைய பொருளும் பிள்ளைகளுக்குப் புதிதாகத் தெரியும்.

பொருள்கள்

நம் பக்கத்தில் இதற்குச் செலவு செய்ய வேண்டிய தேவை மிகக் குறைவு. அம்பாசமுத்திரத்தில் கடைசல் பிடித்துச் செய்யும் மரச் சொப்புச் சாமான்கள் தலைமுறைகளாக இந்த மாவட்டத்துப் பிள்ளைகளின் கையில் இருப்பவை. ஒரு தொகுதி வாங்கி வைத்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். காருகுறிச்சி போன்ற ஊர்களில் மண்பாண்டம் செய்பவர்களிடம் பிசைந்த களிமண் ஓர் உருண்டை கேட்டால் பெரும்பாலும் காசு வாங்காமலே தருவார்கள். ஈரத்துணியில் சுற்றி மூடிவைத்தால் பல நாள் இளக்கமாக இருக்கும். திசையன்விளை, இராதாபுரம் பக்கத்தில் பனைக்குக் குறைவில்லை. ஓலைக் காற்றாடியும் கிலுகிலுப்பையும் முடையத் தெரிந்த தாத்தாக்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். அவர்களையே மையத்துக்கு அழைத்து, பிள்ளைகளின் கண்முன்னே முடையச் சொல்லுங்கள். ஆனி ஆடிக் காற்றில் அந்த ஓலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு ஓடும் பிள்ளை, எந்தப் பக்கம் ஓடினால் அது சுழல்கிறது, எந்தப் பக்கம் ஓடினால் நின்றுவிடுகிறது என்பதை யாரும் சொல்லாமலே கண்டுபிடிக்கிறது. பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகளைப் பேருந்திலிருந்து பார்த்திருந்தால், அதையும் இதையும் தானே ஒப்பிட்டுப் பேசுகிறது.

பனையோலையிலும் நாரிலும் முடைந்த கொட்டான், நார்ப்பெட்டி, கடவம் ஆகிய பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் சிறிது–பெரிது என்பதற்குத் தனிப் பாடம் வேண்டாம். கட்டைகளுக்குத் தச்சரிடம் மிச்சத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, ஓரங்களை உப்புத்தாளால் நன்கு தேய்த்துவிடுங்கள். ஜெர்மனியில் 1837இல் சிறு பிள்ளைகளுக்கென்று கல்விச்சாலை தொடங்கிய ஃபிரோபெல், உருண்டையும் கனசதுரமுமாக மரக்கட்டைகளைத்தான் அவர்கள் கையில் கொடுத்தார். ஒரே அளவுள்ள துண்டுகளும், அவற்றில் பாதி அளவுள்ள துண்டுகளும் கலந்திருந்தால், இரண்டு சிறியது சேர்ந்து ஒரு பெரியது ஆகிறது என்பதைக் கட்டும் கையே உணர்ந்துகொள்ளும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடமும் இதுவே. இதைப் படித்துவிட்டு மறந்துவிடாதீர்கள். குன்றிமணி அழகாக இருக்கிறதென்று எண்ணுவதற்கு வைப்பவர்கள் உண்டு. அதன் பருப்பு கொடிய நஞ்சு. ஆமணக்கு முத்தும் அப்படியே. அரளியும் ஊமத்தையும் மையத்தின் வேலியோரம் இருந்தால் அகற்றச் சொல்லுங்கள். புளியமுத்தும் சோவியும் (சோழி) எண்ணுவதற்கு மிக நல்லவை. ஆனால் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் அதே அறையில் இருக்கும்போது அவற்றைப் பரப்பக் கூடாது. வாய்க்கும் மூக்குக்கும் போகக்கூடிய அளவில் உள்ள எதுவும் சின்னவர்களுக்கு எட்டக் கூடாது. தண்ணீர்த் தொட்டியில் நான்கு விரல் ஆழம் இருந்தால்கூடப் பிள்ளை தலைகுப்புற விழுந்தால் ஆபத்து. விளையாடும் வரை ஒருவர் அருகிலேயே நிற்க வேண்டும், முடிந்தவுடன் கவிழ்த்துவிட வேண்டும். மணலை இரவில் சாக்கால் மூடினால் பூனைகள் அசுத்தம் செய்யா.

நேரம்

விளையாட்டுக்குத் தொடர்ச்சியாக முக்கால் மணி நேரமாவது வேண்டும். பத்து நிமிடம் விளையாட்டு, பத்து நிமிடம் பாட்டு, பத்து நிமிடம் படம் என்று துண்டாக்கினால், பிள்ளை பொருளை எடுத்து வைத்து, யார் அம்மா யார் பிள்ளை என்று பேசி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். சித்திரை வைகாசியில் வெளி விளையாட்டைக் காலையில் வந்தவுடனே வைத்து, வெயில் ஏறும் முன் உள்ளே வந்துவிடலாம். முடிக்கும் நேரத்தைத் திடீரென்று அறிவிக்காமல், “இன்னும் ஒரு பாட்டு பாடி முடிச்சதும் எடுத்து வைக்கணும்” என்று முன்கூட்டிச் சொன்னால் அழுகை குறையும். எடுத்து வைப்பதும் கற்றலே: மூடியைப் பாத்திரத்தோடு சேர்ப்பது, கட்டையை அளவுப்படி அடுக்குவது. இதை ஆயாம்மாவின் வேலையாக ஆக்கிவிடாதீர்கள்.

எப்போது பேசுவது, என்ன கேட்பது

இந்த வேலையின் கடினமான பகுதி இதுதான், அழகான பகுதியும் இதுதான். நாம் ஆசிரியர் என்ற நினைப்பில் விளையாட்டுக்குள் புகுந்தவுடன் தேர்வு நடத்தத் தொடங்கிவிடுகிறோம். “இது என்ன நிறம்? இது எத்தனை?” என்று கேட்கிறோம். விடை நமக்குத் தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். அது பதில் சொல்லிவிட்டு எழுந்து போய்விடும். விளையாட்டு அங்கேயே முறிந்துவிடும். முதலில் அருகில் உட்காருங்கள். பிறகு, பிள்ளை செய்வதை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள்: “நீ ஈர மணலைத் தனியா எடுத்து வச்சிருக்க.” அதற்கு மேல் அது பேசினால் கேளுங்கள். கேள்வி கேட்பதானால், உங்களுக்கே விடை தெரியாத கேள்வியைக் கேளுங்கள்.

ஒரு காலைப்பொழுதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மணல் தொட்டியில் தானியம் அளக்கும் ஒரு பழைய நாழியும் இரண்டு உழக்குகளும் கிடந்தன. நாலு உழக்கு ஒரு நாழி என்பது நம் பாட்டிமார் கணக்கு. நாலரை வயதுப் பிள்ளைகள் இருவர் முறை வைத்து நாழியை நிரப்பினார்கள். ஒருத்தி உழக்கின் விளிம்பைக் கையால் வழித்துத் தலைதட்டி அளந்தாள். அவளுக்கு நாலு பிடித்தது. இன்னொருத்தி மணலை உழக்குக்கு மேல் குவித்துக் குவித்துக் கொட்டினாள். மூன்றிலேயே நாழி நிறைந்துவிட்டது. இருவருக்கும் வாக்குவாதம். நான் சென்று, “ஒருத்தி மூணுங்கா, ஒருத்தி நாலுங்கா, அது எப்படி தாயி?” என்று மட்டும் கேட்டேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். மறுபடி அளந்தார்கள். மூன்றாம் முறை அளக்கும்போது தலைதட்டியவள் சொன்னாள்: “டீச்சர், இவ மல மாரி போடுதா.” குவித்து அளப்பதற்கும் தட்டி அளப்பதற்கும் உள்ள வேறுபாடு, அளவுக்கு ஒரு சீர்மை வேண்டும் என்ற எண்ணம், நாலு என்ற எண், இவை எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தன. நான் முதலிலேயே “தட்டி அளக்கணும்” என்று சொல்லியிருந்தால் நாலு என்ற விடை மட்டும் கிடைத்திருக்கும்.

கேட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் பழக வேண்டியது. மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நமக்கு அது நீண்ட மௌனமாகத் தோன்றும். மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லைத் தேடி எடுக்க அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது.

நடிப்பு விளையாட்டில் பிள்ளைகள் தாங்கள் வாழும் வாழ்க்கையையே கொண்டுவருவார்கள். இரண்டு பாய்களை வரிசையாகப் போட்டு, “சேரமாதேவி, வீரவநல்லூர், கல்லிடை, அம்பை, பாவநாசம் ஏறு ஏறு” என்று கூவும் பையன், ஊர்களின் வரிசையை நினைவில் வைத்திருக்கிறான். கிழித்த தாளைச் சீட்டாகக் கொடுத்தால் அதில் கிறுக்கி ‘எழுதவும்’ செய்வான். அது அவனுடைய முதல் எழுத்து. முக்கூடல் பக்கத்து மையம் ஒன்றில், ஒரு பெண்பிள்ளை மடியில் சுளகை வைத்துக்கொண்டு, பூவரச இலையைச் சுருட்டி நூலால் கட்டிக் கட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா பீடி சுற்றுபவர். உடனிருந்த புதிய பணியாளர் பதறிப்போய்ச் சுளகைப் பிடுங்கப் போனார். நான் தடுத்தேன். அந்தப் பிள்ளை பீடியைப் போற்றவில்லை. தன் அம்மாவாக இருந்து பார்க்கிறாள். விரல் நுனியால் இலையை மடித்து நூல் சுற்றும் அந்தக் கைநேர்த்தியை எந்தப் பயிற்சித் தாளும் அவளுக்குத் தந்திருக்காது. பக்கத்தில் இன்னும் சில நூல் துண்டுகளையும் பூக்களையும் வைத்தோம். சிறிது நேரத்தில் பீடிக்கட்டு பூக்கட்டாக மாறியது. மாறாமல் இருந்திருந்தாலும் குற்றமில்லை. உண்மையான பீடி இலையும் தூளும் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் தாயிடம் தனியாகச் சொல்லலாம்.

எழுத்து எப்போது?

“டீச்சர், எம்பிள்ள வீட்டுக்கு வந்தா விளையாண்டேன்னுதான் சொல்லுதா. எழுத்து எப்பம் சொல்லிக் குடுப்பிய?” இந்தக் கேள்வி முதல் மாதத்திலேயே வரும். பக்கத்துத் தெருப் பிள்ளை எல்.கே.ஜி.யில் நோட்டு நிறைய எழுதும்போது ஒரு தாய்க்கு அந்தக் கவலை வருவது இயல்பு. அதை அலட்சியமாக ஒதுக்கக் கூடாது. அவருக்கு இப்படி விளக்குங்கள்: நம் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல ஒவ்வொன்றாகத்தான் கடினமாகின்றன. மூன்று வயதுக் கை இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது. அந்தக் கையைப் பிடித்து நோட்டு முழுவதும் ‘அ’ எழுதவைத்தால் வலியும் வெறுப்பும் மிஞ்சும். களிமண் பிசைந்து, துணி பிழிந்து, மணலில் விரலால் கோலம் இழுத்து வலுப்பெற்ற கை, காலம் வரும்போது பென்சிலை நன்றாகப் பிடிக்கும்.

அதற்காக எழுத்தையே கண்ணில் காட்டாமல் இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் அட்டையில் பெரிதாக எழுதி, காலையில் வந்தவுடன் தன் அட்டையைத் தேடி எடுத்து மாட்டச் சொல்லுங்கள். சில மாதங்களில் தன் பெயரையும், தோழியின் பெயரையும், இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குவதையும் பிள்ளை கண்டுகொள்ளும். ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களைச் சொல்லும் விளையாட்டுக்குப் பொருளே வேண்டாம். சோறு ஆறும் வரை விளையாடலாம். வீட்டில் பேசும் பேச்சிலேயே பிள்ளை பேசட்டும். “எப்பம்”, “அங்கன” என்று சொல்லும் வாயைத் திருத்தத் தொடங்கினால், அது முதலில் திருந்தாது, மூடிக்கொள்ளும்.

வீட்டாரைச் சேர்ப்பது

தாய்மார் கூட்டத்தில் உரையாற்றுவதைவிட, மாதம் ஒருமுறை அவர்களை அரைமணி நேரம் விளையாட்டின்போது உட்காரவைப்பது பயன் தரும். ஆச்சிகளையும் அழையுங்கள். “கையெல்லாம் மண்ணாக்கிட்டு வாராளே” என்று குறைசொல்லும் ஆச்சியிடம், அவர் சிறுவயதில் சிறுவீட்டுப் பொங்கலுக்கு முற்றத்தில் மண்ணால் வீடு கட்டியதைப் பற்றிக் கேளுங்கள். மார்கழியில் வாசலில் வைத்த பூசணிப் பூவைச் சாணத்தில் பதித்து எரு தட்டியது, தையில் சின்னப் பானையில் பொங்கியது, பிறகு எல்லாரும் கூடி ஆற்றில் கொண்டுபோய் விட்டது என்று அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். மறுநாள் மணல் தொட்டியில் சிறுவீடுகள் எழும். ஆச்சியும் பெரும்பாலும் இன்னொரு நாள் வருவார்.

முதல் நாளுக்கு முந்திய மாலை

இத்தனையையும் ஒரே வாரத்தில் செய்ய முயல வேண்டாம். பணியில் சேர்வதற்கு முந்திய மாலையில் இவ்வளவு போதும்: அறையின் உள்மூலையில் ஒரு பாய், அதன்மேல் ஐந்தாறு சிரட்டைகள், இரண்டு உழக்குகள், ஒரே மாதிரியான நான்கு சொப்புப் பாத்திரங்கள், ஒரு பழைய துண்டு. வெளியே சல்லடையில் சலித்த ஒரு சட்டி மணல். பிள்ளைகளின் தலைக்கு மேல் ஆணியில் ஒரு துணிப்பை, அதற்குள் உங்கள் நோட்டு. முதல் பக்கத்தில் தேதியைப் போட்டு, மூன்று பிள்ளைகளின் பெயருக்கு இடம்விட்டு வையுங்கள். காலையில் அவர்கள் வந்து பாயைச் சுற்றி நிற்பார்கள்; எதை எடுப்பது என்று உங்களைப் பார்ப்பார்கள். நீங்கள் ஒரு சிரட்டையைக் கையில் எடுத்துத் தரையில் உட்கார்ந்து, காத்திருங்கள்.